ஆரஞ்சு அலர்ட், பேச்சிப்பாறை 42 அடிக்கு மேல்: மங்காடு ஆற்றங்கரையில் அடுத்த மூன்று நாளை எப்படிக் கணிப்பது?

ஆற்றங்கரை_விளை:

மங்காடு பக்கம் குழித்துறை ஆற்றங்கரையில் வீடு. பின்னால் ஆற்றை ஒட்டி 40 சென்ட் விளை (தோட்டம்), முழுக்க ஏத்தன் (நேந்திரன்) வாழை, குலை தள்ளி இரண்டு மாதம் ஆகிறது. மூன்று நாளாக விட்டு விட்டு மழை. நாளைக்கும் மறுநாளைக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட். பேச்சிப்பாறை அணை 42 அடியைத் தாண்டி, உபரி நீர் போகும் மறுகாலில் தண்ணீர் விடுகிறார்கள்.

செல்போனில் உள்ள ஆப் நாளைக்கு 18 மி.மீ. என்கிறது. இன்னொன்று 90 மி.மீ. என்கிறது. எதை நம்புவது? அணையில் எத்தனை கன அடி திறந்தால் எங்கள் பக்கம் ஆபத்து? வயதான அம்மா வீட்டில் இருக்கிறார், படியேற முடியாது. எந்தக் கட்டத்தில் அவரை உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்? வாழையை இப்போது வெட்டுவதா, விடுவதா? இங்கே வானிலையும் அணைக் கணக்கும் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், விவரமாகச் சொல்லுங்கள்.

மழைமானி_தக்கலை:

முதல்ல அந்த 18க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம். செல்போன் ஆப் பெரும்பாலும் ஏதோ ஒரு வானிலைக் கணினி மாடலின் எண்ணை எடுத்து உங்க ஊர் பெயரைப் போட்டுக் காட்டும். அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாடல் விண்டி (Windy) வானிலை ஆப்பில் 22 கி.மீ. கட்டங்களா வருது. ஐரோப்பிய மாடல் 9 கி.மீ. குளச்சல் கடற்கரையிலிருந்து பேச்சிப்பாறைக்கு நேர்கோட்டில் 30 கி.மீ.தான். கடல், தென்னந்தோப்பு, ரப்பர் குன்று, மலை எல்லாமே அமெரிக்க மாடலுக்கு ஒன்றரைக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ள மலையோட உயரம் மழுங்கிப்போகும். மலையில் மோதி மேலேறும் காற்று கொட்டுற மழை அதனால் குறைஞ்சே தெரியும். நம்ம மாவட்டத்துக்கு ஒரு ஊரின் மி.மீ. எண்ணை நம்பி முடிவெடுக்கவே கூடாது. ஐரோப்பிய மாடலை மட்டும் பாருங்க, அதுவும் உங்க ஊர்ப் புள்ளியை இல்ல, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி இருக்கிற மலைப்பகுதியை. அதிகாலை 5.30 மணி நிலவரத்தை வச்சு ஓட்டுற கணிப்பு நமக்குப் பிற்பகல் 1 மணிவாக்கில் வரும். மாலை 5.30 மணிக் கணிப்பு நள்ளிரவு தாண்டி வரும். அடுத்தடுத்து மூணு கணிப்பு மலைமேல ஒரே மாதிரி பெரிய மழையைக் காட்டினா அதை எடுத்துக்கலாம். ஒவ்வொரு தடவையும் இடம் மாறிக்கிட்டே இருந்தா, மழை உறுதி, இடம் உறுதியில்லன்னு அர்த்தம்.

அடுத்தது அலர்ட். வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதுக்கு மேல அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூணும் முறையே இந்த மூணுக்கும் ஒத்துப்போகும். ஆனா அறிவிப்பில் 'ஓரிரு இடங்களில்'னு ஒரு சொல் இருக்கும், அதை எல்லாரும் தாண்டிப் படிச்சிடுறாங்க. மாவட்டத்தின் மழைமானிகளில் நாலில் ஒரு பங்குக்குள்ளதான் அந்த அளவு பதிவாகும்னு அதுக்குப் பொருள். ஆரஞ்சு அலர்ட் அன்னைக்கு மயிலாடியில் 5 மி.மீ. பெய்து, பேச்சிப்பாறையில் 150 பெய்தா கணிப்பு சரியாவே இருந்திருக்கு. உங்களுக்கு அதில் ஒரு ஆபத்து: உங்க வீட்டு ஓட்டுமேல பெய்யற மழை உங்களை மூழ்கடிக்காது. மேலே கோதையாற்றுக்கும் பரளியாற்றுக்கும் பெய்யற மழைதான் உங்ககிட்ட வரும். மங்காட்டில் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறலாம்.

மழை எந்தப் பக்கம் கொட்டும்னு தெரிய காற்றைப் பாருங்க. விண்டியில் உயரத்தை 850 ஹெக்டோ பாஸ்கலுக்கு மாத்துங்க, சுமார் ஒன்றரை கி.மீ. உயரக் காற்று அது. கொண்டல் அடிச்சா, அதாவது கிழக்கேயிருந்து வந்தா, ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களும் மலையின் கிழக்குச் சரிவும் முதலில் வாங்கும். 2023 டிசம்பர் 17, 18இல் நடந்தது அதுதான். குமரிக்கடல் பக்கம் சுழற்சி நின்னு, கிழக்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கிட்டே இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. நாகர்கோவிலிலிருந்து அந்த ஊர் நேர்கோட்டில் 90 கி.மீ.கூட இல்ல. சுழற்சி நமக்குத் தெற்கே இருக்கும்போது ஒரு பக்கம், அது லட்சத்தீவு நோக்கி நகர்ந்து காற்று தென்கிழக்கு, தெற்குன்னு திரும்பும்போது இன்னொரு பக்கம். காற்று தெற்கு, தென்மேற்குன்னு ஆகி கச்சான் (மேற்குக் காற்று) போல அடிச்சா விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம்தான் கனக்கும். ஆகவே 'தாழ்வு நகர்ந்துட்டு, இனி பயமில்லை'ங்கிற பேச்சை மேற்குக் குமரியில் இருக்கிறவங்க நம்பக்கூடாது. உங்களுக்கு அப்பதான் ஆரம்பிக்கும்.

இன்னொரு பழக்கம் வச்சுக்குங்க. நமக்கு அறிவிப்பு தருவது சென்னை மண்டல மையம். திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு அலர்ட் தருவது திருவனந்தபுரம் மையம். தென்மேற்கு, தெற்குக் காற்று நாட்களில் நெய்யாற்றின்கரைக்கு என்ன நிறமோ அதையும் சேர்த்துப் பாருங்க. மழை மாநில எல்லை பார்த்துப் பெய்யாது. ரேடாரும் திருவனந்தபுரம்தான் நமக்கு அருகில். அதில் மஞ்சள், சிவப்பு நிறத் திட்டுகள் ஒண்ணு போனதும் அதே கோட்டில் அடுத்தது, அதுக்குப் பின்னாலேயே இன்னொண்ணுன்னு ரயில் பெட்டி மாதிரி வந்தா மோசம். ஒரே பெரிய திட்டு வேகமா நகர்ந்து போனா அரை மணி நேரத்தில் விட்டுடும். ரேடார் படத்தை ஒரு தடவை பார்த்து முடிவெடுக்காதீங்க, குறைஞ்சது ஒரு மணி நேர ஓட்டத்தைப் பாருங்க. அடுத்த மூணு மணி நேரத்துக்குன்னு வர்ற முன்னறிவிப்பு அலர்ட்டை விட நம்பகமானது, அது ரேடாரைப் பார்த்துத்தான் எழுதுறாங்க.

மதகு:

மேலே சொன்னது எல்லாம் சரி. அணைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

தினமும் காலை 8.30க்கு முடிகிற 24 மணி நேர மழைப் பட்டியல் மாவட்ட நிர்வாகத்திலிருந்து வரும், நாளிதழ்களிலும் வரும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றார் 1, சிற்றார் 2, புத்தன் அணை, சுருளோடு, பாலமோர், அடையாமடை என்று நீளமான பட்டியல் அது. ஆற்றங்கரை விளை அண்ணாச்சி அதில் நாலே நாலு எண்ணைப் பார்த்தால் போதும். பேச்சிப்பாறையும் சிற்றாறும் கோதையாற்றுக் கணக்கு. பெருஞ்சாணியும் புத்தன் அணையும் பரளியாற்றுக் கணக்கு. இரண்டும் திருவட்டாறு மூவாற்றுமுகத்தில் கூடித்தான் குழித்துறைக்கு வருகிறது. ஒன்று மட்டும் ஏறினால் ஆறு கரைக்குள் அடங்கும் வாய்ப்பு உண்டு. இரண்டும் ஒரே இரவில் ஏறினால்தான் வைக்கல்லூர், பரக்காணி, மங்காடு எல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் பார்ப்பது.

முழுக் கொள்ளளவு உயரம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றார் இரண்டுக்கும் 18 அடி. வடகிழக்குப் பருவத்தில் பேச்சிப்பாறையை 48 வரை நிரப்ப மாட்டார்கள். மேலே காலியாக வைத்திருக்கும் அந்தச் சில அடிகள்தான் வெள்ளத்தை உள்வாங்கும் இடம். 42 அடியைத் தாண்டியதும் முதல் கட்ட எச்சரிக்கை வருவது அதனால்தான். அந்த எச்சரிக்கை அணை உடையப்போகிறது என்பதற்கில்லை. 'இனி வருவதை வந்தபடியே கீழே விட வேண்டி வரலாம்' என்பதுதான் அதன் பொருள். இந்த நேரத்தில் 500 கன அடி திறந்தார்கள் என்று பதறாதீர்கள். முன்கூட்டியே சிறிது சிறிதாக விடுவது உங்களைக் காப்பதற்கே. பயப்பட வேண்டியது, அணை 46, 47இல் இருக்கும்போது மலையில் இரவில் 15 செ.மீ. பெய்வதற்கு.

கன அடிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு கன அடி என்றால் நொடிக்கு 28.3 லிட்டர். 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி. பேச்சிப்பாறைக்கு மேலே நீர்ப்பிடிப்பு சுமார் 200 சதுர கி.மீ. அங்கே பரவலாக 10 செ.மீ. பெய்தால் மொத்தம் 2 கோடி கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 700 மில்லியன் கன அடி. நிலம் காய்ந்திருந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் அணைக்கு வரும். மூன்று நாள் மழையில் ஊறிய நிலத்தில் பாதியிலிருந்து முக்கால்வாசி வரை இறங்கி வந்துவிடும். பாதி என்றே வைத்தாலும் 350 மில்லியன் கன அடி. அது 24 மணி நேரத்தில் பரவி வந்தால் வரத்து சராசரி 4,000 கன அடி. அதே தண்ணீர் எட்டு மணி நேரத்தில் வந்தால் 12,000. ஆகவே மழை அளவு மட்டும் போதாது, எத்தனை மணி நேரத்தில் பெய்தது என்பதும் வேண்டும். முதல் நாள் 10 செ.மீ.க்கும் நாலாம் நாள் 10 செ.மீ.க்கும் ஆற்றில் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். நீங்கள் இப்போது நாலாம் நாளில் நிற்கிறீர்கள்.

எத்தனை கன அடியில் ஆபத்து என்று ஒரே எண் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். அறிவிப்பில் வருவது அணையிலிருந்து விடும் தண்ணீர் மட்டும். அணைக்குக் கீழே களியல், திற்பரப்பு, குலசேகரம், அருமனை ஓடைகள் கொண்டுவருவது அந்தக் கணக்கில் இல்லை. அணையில் 2,000 விட்டாலும் இடையில் பெய்த மழை அதைவிட அதிகம் சேர்த்துவிடும். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்றால் கோதையாறு ஏறியிருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். பரளியாற்றுக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். குழித்துறை சப்பாத்தில் (ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்ந்த பாதையில்) போக்குவரத்தை நிறுத்தினால் அதை உங்களுக்கான முதல் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்துக்கு உங்கள் அளவுகோல்தான் சரி. இரண்டு மீட்டர் கம்பில் 10 செ.மீ.க்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு மூன்று இடத்தில் நடுங்கள்: தண்ணீர் விளிம்பில் ஒன்று, விளையின் நடுவில் ஒன்று, வீட்டு முற்றத்தில் ஒன்று. பகலிலேயே நடுங்கள். ஆற்றோர மண்ணில் இரவில் இறங்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை நேரத்தோடு எழுதுங்கள். மதகு திறந்ததாக அறிவித்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அறிவிப்புக்கும் உங்கள் கம்பில் ஏற்றம் தெரிவதற்கும் இடைவெளி எவ்வளவு என்று ஒரு தடவை பிடிபட்டால், அடுத்த அறிவிப்புக்கு உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது தெரியும். ஆறு நிறைந்து ஓடும்போது அந்த இடைவெளி குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அம்மாவை எப்போது மாற்றுவது? முற்றத்துக்கு இன்னும் 60 செ.மீ. இருக்கிறது, அரை மணிக்கு 10 செ.மீ. ஏறுகிறது என்றால் கணக்குப்படி மூன்று மணி நேரம். அதில் பாதியை மட்டும் உங்கள் நேரமாக எடுங்கள், ஏற்றம் ஒரே சீராக இருக்காது. படியேற முடியாதவர் என்பதால் இந்தக் கணக்குக்கே காத்திருக்காமல், அணை 45ஐத் தாண்டி மலையில் ஆரஞ்சு நீடித்தாலே பகல் வெளிச்சத்தில் கொண்டுபோய்விடுங்கள். இரவு 2 மணிக்கு வாசலில் முழங்கால் தண்ணீரில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போவது மூன்று பேர் வேலை. வழியில் ஓடையைக் கடக்கும் தாழ்ந்த சாலை இருந்தால் அது வீட்டுக்கு முன்பே மூழ்கும். போகும் வழியை முதலில் பாருங்கள்.

ஆற்றங்கரை_விளை:

மிக்க நன்றி. கம்பு இன்றைக்கே நடுகிறேன். ஒரு சந்தேகம். சில தடவை அணையில் குறைத்த பிறகும் எங்கள் பக்கம் தண்ணீர் இறங்காமல் அப்படியே நிற்கிறது. காரணம் என்ன? அமாவாசை நெருங்குகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பொழிமுகம்:

உண்டு அண்ணே. ஆறு கடலில் சேர்ற தேங்காய்ப்பட்டணம் முகத்தில் கடல் எவ்வளவு வாங்குதோ அவ்வளவுதான் ஆறு இறங்கும். நம்ம கடலில் ஏற்றவற்றம் (கடல் மட்டம் ஏறி இறங்குறது) ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனா ஆற்றின் கடைசிப் பகுதியில் சாய்மானமே இல்லாததால, அந்தக் கொஞ்ச உயரமே தண்ணியைப் பின்னால தேக்கிடும். ஏற்றம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, சுமார் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ரெண்டு மூணு நாள் ஏற்றம் கூடுதலா இருக்கும். மேலேயிருந்து வர்ற பெருவெள்ளம் ஏற்ற நேரத்தில் முகத்துக்கு வந்தா பரக்காணியிலும் வைக்கல்லூரிலும் நிற்கும். வற்ற நேரத்தில் வந்தா அதே தண்ணி சத்தமில்லாம போயிடும். இன்றைய ஏற்ற நேரத்தை எழுதி வச்சா நாளைய நேரம் உங்களுக்கே தெரியும்.

அதைவிடப் பெருசு அலை. தென்மேற்கேயிருந்து நீண்ட அலை வந்து முகத்தில் மோதும்போது கடல் ஒரு சுவர் மாதிரி நிற்கும், அதோட மணலையும் தள்ளி முகத்தைச் சுருக்கும். கள்ளக்கடல்னு நாம சொல்றது இதில் ஒரு வகை. இங்க காற்றே இருக்காது, வானம் தெளிவா இருக்கும். அலை இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பல ஆயிரம் கி.மீ. தள்ளி எழும்பி நாள் கணக்கில் பயணம் பண்ணி வந்திருக்கும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் அலை உயரத்தையும் அலை இடைவெளி நொடியையும் கன்னியாகுமரிக் கரைக்குத் தனியா வெளியிடுது. உயரம் மட்டும் பார்த்து விட்டுடாதீங்க. 16, 18 நொடி இடைவெளியில் வர்ற ரெண்டு மீட்டர் அலை, 7 நொடியில் வர்ற ரெண்டு மீட்டர் அலையைவிட ரொம்பக் கூடுதலா தண்ணியைக் கரைக்குத் தள்ளும்.

மணக்குடியில் பழையாற்றுக்கும் இதே கதைதான். பொழி (ஆறு கடலில் சேர்ற வாய்) மணலால அடைஞ்சிருந்தா சுசீந்திரத்துக்குக் கீழே வயலெல்லாம் ஏரி மாதிரி நிற்கும். பொழியை வெட்டுறதா இருந்தா வற்றம் தொடங்கும்போது வெட்டணும். ஏற்றத்தில் வெட்டினா கடல் தண்ணி உள்ளே வந்து, உப்பு வயலில் ஏறிடும்.

இதைப் படிக்கிற கடலோரத்து ஆட்களுக்கும் ஒண்ணு: ஆற்றில் உபரி நீர் பாயும்போது முகத்துக்குள்ள வள்ளத்தைக் கொண்டு வரவோ வெளியே எடுக்கவோ வேண்டாம். உள்ளேயிருந்து பாயுற நீரும் வெளியேயிருந்து வர்ற அலையும் நேருக்கு நேர் மோதுற இடத்தில் அலை செங்குத்தா நின்னு உடையும், அது வெளிக்கடலில் இருக்கிற அலையைவிட மோசம். 'குமரிக்கடல், மன்னார் வளைகுடா, காற்று மணிக்கு 35 முதல் 45, இடையிடையே 55 கி.மீ.'ன்னு அறிவிப்பு வந்தா அது அன்னைக்குக் காலை நிலவரம் மட்டும் இல்ல, அடுத்த நாட்களுக்கும் சேர்த்துத்தான், தேதியைப் பார்த்துப் படிங்க. ஒக்கி 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமா இருந்து மறுநாள் காலையிலேயே புயலாகிடுச்சு. பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போறவங்களுக்கு அந்த ஒரு இரவு போதாது. கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ரெண்டும் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

ஏலாக்கரை:

வாழைக்கு வருகிறேன்.

ஏத்தன் குலை தள்ளி 80 முதல் 90 நாளில் முற்றும். 60 நாளில் வெட்டினால் காய் சதைபிடிக்காது, எடையும் நன்றாகக் குறையும். ஆகவே பயத்தில் இப்போது மொத்தமாக வெட்டாதீர்கள். ஆற்றோரத்துக் கடைசி இரண்டு மூன்று வரிசையில் முன்னதாகக் குலை தள்ளியது, 75 நாளைத் தாண்டியது இருந்தால் அதை மட்டும் வெட்டி சிப்ஸ் போடுகிறவர்களுக்குக் கொடுக்கலாம், அவர்கள் முக்கால் முற்றலையும் வாங்குவார்கள். மீதியைக் காப்பாற்றப் பாருங்கள்.

வாழையைக் கொல்வது தண்ணீரின் உயரம் அல்ல, அது நிற்கும் நேரம். ஓடிப்போகிற வெள்ளம் இடுப்பளவு வந்தாலும் ஒரு நாளில் இறங்கினால் பிழைக்கும். கணுக்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் நின்றால் வேர் மூச்சடைத்து அழுகி, ஒரு வாரம் கழித்து வெயில் வரும்போது இலை மஞ்சளித்து மரம் சாயும். எனவே இன்றைக்குச் செய்ய வேண்டியது வடிகால். நாலு வரிசைக்கு ஒரு சால், முக்கால் முழம் அகலம், ஒரு முழத்துக்குக் குறையாத ஆழம், எல்லாம் ஒரு தலைச்சாலில் சேர்ந்து விளையின் தாழ்ந்த மூலையில் வெளியேற வேண்டும். ஆற்றுப் பக்கமாகத் திறந்து விட்டால் ஆறு ஏறும்போது அதே வழியாக உள்ளே வரும். அந்த வாயில் பலகையோ மணல் மூட்டையோ தயாராக வைத்து, ஆறு ஏறும்போது அடையுங்கள், இறங்கியதும் திறந்துவிடுங்கள். மூட்டில் மண் அணைத்து உயர்த்துங்கள். அதற்கு சால் வெட்டிய மண்ணே போதும். குலை தொங்கும் பக்கம் சாயாதபடி இரண்டு கம்பை கத்தரிபோல் கட்டி ஊன்றுகொடுங்கள். ஊறிய மண்ணில் ஒற்றைக் கம்பு புதைந்துவிடும், அடியில் ஒரு கல் வையுங்கள்.

தண்ணீர் இறங்கிய பிறகு உரம் போட அவசரப்பட வேண்டாம். வேர் வேலை செய்யாத நேரத்தில் போட்ட யூரியா ஆற்றுக்குத்தான் போகும். முதலில் மூட்டைச் சுற்றி மண்ணைக் கிளறி காற்றோட்டம் கொடுங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து மூட்டில் ஊற்றுங்கள், கிழங்கு அழுகலைத் தடுக்கும். புதுக் குருத்து நேராக விரிந்த பிறகு உரம். இலையில் படிந்த வண்டலை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள், அதை யாரும் செய்வதில்லை, செய்தால் பலன் உண்டு. சாய்ந்ததைப் புகைப்படம் எடுத்து, தேதியோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிலும் உடனே எழுதிக் கொடுங்கள். அப்புறப்படுத்திய பிறகு கணக்கெடுக்க முடியாது.

நாஞ்சில்_குளக்கரை:

கேள்வி மேற்கைப் பற்றியது, இருந்தாலும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஆட்களும் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். நம் பக்கம் பெரிய அணையைவிடக் குளமும் கால்வாயும்தான் ஆபத்து. பழையாற்றுக்கு சுருளோடு, பூதப்பாண்டி மழையைப் பாருங்கள். ஒழுகினசேரியில் பாலத்தைத் தொட்டு ஓடினால் சுசீந்திரம் வரை வயல் மூழ்கும்.

குளக்கரை பெரும்பாலும் மறுகால் அடைபட்டதால்தான் உடைகிறது. மீன் குத்தகைக்காரர்கள் மீன் போகாமல் இருக்க மறுகாலில் வலையோ கம்பித் தட்டியோ கட்டுகிறார்கள். ஆகாயத்தாமரை வந்து அதில் அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் போக வழியில்லாமல் கரையின் தாழ்ந்த இடத்தில் வழிகிறது. மண் கரையின் மேல் ஒரு சாண் தண்ணீர் ஒரு மணி நேரம் வழிந்தால் கரை இருக்காது. இன்றைக்கே போய் மறுகாலைப் பார்த்து தட்டியை எடுத்துவிடுங்கள். மீன் போவது பெரிய இழப்புதான், ஆனால் உடைந்தால் மீனும் போகும், கீழே வயலும் போகும்.

கரையின் வெளிப்புறத்தில் கசிவைப் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாகக் கசிந்தால் உள்ளிருந்து மண்ணைக் கொண்டு வருகிறது, நண்டு வளையோ எலி வளையோ குழாய்போல் திறந்துவிட்டது. அந்த வாயை வெளிப்பக்கத்தில் மூட்டை வைத்து அடைக்கக் கூடாது. அடைத்தால் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, நடுவில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி வழியும்படி விடுங்கள். அந்த எதிர் அழுத்தம் மண் வருவதை நிறுத்தும். குளத்துப் பக்கம் தார்ப்பாயை விரித்து மேல் விளிம்பைக் கரையில் அடித்து, கீழ் விளிம்பில் மூட்டை கட்டி இறக்குங்கள். சிமென்ட் சாக்கை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரம்பிய மூட்டை உருண்டையாக நின்று இடுக்கில் நீர் விடும். வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் கட்டுப்போல் இணைப்பு மாறி வருமாறு அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து அமுக்க வேண்டும்.

செம்மண் வெட்டுச் சரிவுக்குக் கீழே வீடு உள்ளவர்கள் தனிக் கவனம். 2021 நவம்பர் மழையில் இரணியல், குழித்துறைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்தது இப்படிப்பட்ட வெட்டில்தான். மேலே தரையில் புதுப் பிளவு, சாயும் மரம், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று, காம்பவுண்டு சுவரின் வயிற்றுப்பகுதி புடைப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சுவருக்குப் பின்னால் உள்ள அறையில் அன்றிரவு யாரும் படுக்கக் கூடாது. நீர் வெளியேறும் துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம்தான்.

மின்பணி_மார்த்தாண்டம்:

அண்ணாச்சி, வீட்டைப் பற்றிச் சுருக்கமா. தண்ணி முற்றத்துக்கு வந்ததும் மெயினை அணைச்சிடுங்க, காலடி காய்ஞ்சிருக்கும்போதே. தண்ணியில் நின்னுக்கிட்டு மெயினைத் தொடவே கூடாது. அந்த நிலை வந்தா மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987க்குச் சொல்லி கம்பத்திலேயே நிறுத்தச் சொல்லுங்க. மெயினை அணைச்சாலும் இன்வெர்ட்டர் வீட்டுக்குள்ள 230 வோல்ட் கொடுத்துக்கிட்டே இருக்கும். அதைத் தனியா அணைச்சு பேட்டரி ஒயரைக் கழற்றணும். இதில்தான் ஆட்கள் தவறுறாங்க. காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டுங்க. காலி சிலிண்டர் மிதந்துபோகும். கழிப்பறைக் குழியில் ஒரு மணல் மூட்டை வையுங்க, செப்டிக் டேங்க் நிரம்பினா அங்கேதான் மேலே வரும். மூழ்கின மோட்டாரை வெயிலில் ஒரு நாள் காயவச்சுட்டு உடனே போடாதீங்க. மெகர் (மின்காப்பு அளக்கிற கருவி) வச்சு சுருளைச் சோதிச்சு ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தா மறுபடி காயவைக்கணும், இல்லன்னா சுருள் கருகிடும்.

மழைமானி_தக்கலை:

கிணற்றை யாரும் சொல்லல. ஆற்றுத் தண்ணி கலந்த கிணற்றை அப்படியே குடிக்கக் கூடாது, அவசரத்தில் ஒரேயடியா இறைக்கவும் கூடாது. வெளியே நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது உள்ளே காலி பண்ணினா உறை உள்வாங்கும். வெள்ளம் வடிஞ்ச பிறகு குளோரின் போடுங்க. கிணற்றின் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதை 3.14ஆலும் தண்ணி ஆழத்தாலும் பெருக்கினா கன மீட்டர் வரும். 2 மீட்டர் அகலக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணின்னா 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். வெள்ளத்துக்குப் பிறகு 5 கிராம். உங்களுக்கு ஏறக்குறைய 47 கிராம். ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சு, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளிய விடுங்க. மேலே நிற்கிற தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கயிறு கட்டி கிணற்றுக்குள்ள இறக்கி மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்க. அடியில் தங்குற சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீங்க. குறைஞ்சது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்கணும். பவுடர் பழசா, வாடையே இல்லாம இருந்தா பயனில்லை. குடிக்கிறதைக் கொதிக்க வச்சே குடிங்க. வெள்ளத்தில் இறங்கி வேலை செய்தவங்க காலில் புண் இருந்தா எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்குங்க. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தா அன்னைக்கே போகணும்.

ஆற்றங்கரை_விளை:

மாலை 5 மணி நிலவரம் எழுதி வைக்கிறேன், பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் உதவும். மூன்று கம்பும் நட்டாயிற்று. முதல் கம்பில் 2 மணியிலிருந்து 5 மணி வரை 20 செ.மீ. ஏற்றம். காற்று தென்கிழக்கு. அம்மாவை இருட்டுவதற்கு முன் உண்ணாமலைக்கடைக்கு அழைத்துப் போகிறோம். வாழைச் சால் இரண்டு வெட்டியாயிற்று, மீதி நாளை வெளிச்சம் வந்ததும்.

மதகு:

நல்லது. மூன்று மணி நேரத்தில் 20 என்றால் மெதுவான ஏற்றம்தான், கரைக்குள் அடங்கக்கூடியது. ஆனால் இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் மேலே பெருஞ்சாணியில் மழை எப்படி என்று கேட்டு வையுங்கள். நடுக் கம்பில் தண்ணீர் தொட்டால் நீங்களும் கிளம்புங்கள். அதற்குப் பிறகு சால் வெட்டவோ மாட்டை அவிழ்க்கவோ திரும்பிப் போக வேண்டாம். மாட்டை இப்போதே அவிழ்த்து மேட்டில் கட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. காலை 8.30 பட்டியல் வந்ததும் நாலு எண்ணையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.